ஒரு கொக்கியும் இரண்டு தட்டும்

காலை ஒன்பது மணிக்கு, ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் இருக்கும் நுண்ணோக்கி அறையில், நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் சுழல் நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினார். ஆட்டம் என்று சொன்னால் ஆட்டத்துக்கே கோபம் வரும். குதித்தார், அவ்வளவுதான். பார்த்தது ஒரே ஒருத்தி, அவருடைய மச்சினி. நல்லவேளை, அறை இருட்டு.

அந்தக் கட்டடத்தில் அவரைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் மட்டும் கூடவே ஒரு 'சார்' போட்டுக்கொள்வார்கள். மச்சினிக்கு லென்ஸ் என்று பெயர். இந்தப் பெயர்களை யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் கை காட்டுவார்கள். புது நுண்ணோக்கிக்கு லென்ஸ்தான் பொறுப்பு. அவளைக் கேட்காமல் அந்த அறைக்குள் தூசிகூட நுழையாது. அத்தான் என்ற உறவுக்காக ஒரு நாளும் அவள் அவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுத்ததில்லை.

அவர் ஏன் குதித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படம் வரைந்திருப்போம். ஒரு வட்டம், இடுப்பு சுருங்கிய வட்டம், பிறகு இரண்டு வட்டம். முழு மதிப்பெண். ஆனால் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் ஒரு சங்கதி இருக்கிறது. அதை யாரும் வரைவதில்லை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு லேசில் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. பிசைந்த மாவைப் பிய்த்தால் நடுவில் ஓர் இழை நீளுமே, அதுபோல இரண்டு பிள்ளைச் செல்களுக்கும் நடுவில் சவ்வாலான ஒரு நூல் நிற்கும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்கூட நிற்கும். பிறகு கண் மூடித் திறப்பதற்குள் அறும். அறுந்தால்தான் இரண்டு. அந்த நூல் எதனால் அறுகிறது, ஏன் அப்போது அறுகிறது என்பதுதான் கத்திரியின் பிழைப்பு. சவ்வைப் பற்றிய ஆராய்ச்சி சவ்வாக இழுக்கிறது என்று சொந்தக்காரர்கள் செய்த கேலியை, அவர்களைவிட நன்றாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த நூலின் மேல் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது என்பது ஏழு வருடத்துக்கு முன் தெரிய வந்தது. எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு நீளப் பெயர் உண்டு, வாயில் நுழையாது. வளைந்த உருவத்தைப் பார்த்துக் கொக்கி என்றார்கள். கொக்கிதான் நூலை வெட்டுகிறது என்பது கத்திரியின் கட்சி. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். கொக்கி வெட்டுவதாவது, வேளை வரும்வரை யாரையும் வெட்டவிடாமல் அது காவல் நிற்கிறது என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. எதிர்க்கட்சி அவருடைய மனைவி.

எதிரி வெளியூரில் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கருத்தரங்கில் பார்த்து முறைத்துவிட்டு வந்துவிடலாம். காலையில் ஒரே குளியலறைக்கு முன்னால் துண்டோடு நிற்கிற எதிரியை என்ன செய்வது? பத்து வயது மகள்தான் கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். சாப்பாட்டு மேஜையில் யார் 'கொக்கி' என்று வாயைத் திறந்தாலும் அன்றைக்குப் பாத்திரம் அவர் கழுவ வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாளும் பாத்திரம் கழுவ நேர்ந்ததில்லை.

இத்தனை வருடம் ஏன் தீராமல் கிடந்தது என்று கேட்கலாம். பழைய நுண்ணோக்கியின் வெளிச்சம் அப்படி. பார்க்கப் பார்க்கவே செல் வாடிவிடும், நூல் அறும் நேரம் வருவதற்குள் செல் போய்ச் சேர்ந்துவிடும். போன மாதம் வந்த புது நுண்ணோக்கி காகிதம் போல மெல்லிய வெளிச்சத்தைக் குறுக்கே அனுப்பும். செல்லுக்கு வலிக்காது. வாரத்தில் மூன்று நாள் அதில் காலியாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டார்கள், இருவரும் அதே கொக்கிக்கு. இயக்குநர் இரண்டு விண்ணப்பத்தையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். இருவரும் ஒப்புக்கொள்கிற ஒரே ஒரு சோதனை. வியாழக்கிழமை நாலு மணிக்கு எல்லோர் முன்னாலும் முடிவைக் காட்ட வேண்டும். யார் சொன்னது நிற்கிறதோ அவருக்குக் கொக்கியும் அந்த மூன்று நாளும். மற்றவர் கொக்கியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

சோதனை எளிது. இரண்டு சின்னக் கண்ணாடித் தட்டு. ஒன்றில் கொக்கி உள்ள செல்கள், இன்னொன்றில் கொக்கியை நீக்கிய செல்கள். நூல் அறும் நேரம் சூட்டுக்கும் சத்துநீருக்கும் ஏற்ப நாளுக்கு நாள் மாறும் என்பதால், இரண்டையும் நுண்ணோக்கியின் ஒரே மேடையில் அருகருகே வைத்து ஒரே சமயத்தில் படம் பிடிக்க வேண்டும். கொக்கி வெட்டுகிறது என்றால் கொக்கி இல்லாத தட்டில் நூல் தாமதமாக அறும். கொக்கி காவல் நிற்கிறது என்றால் அங்கே சீக்கிரமாக அறும். தட்டுகளைக் கத்திரியே தயார் செய்யட்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். அவருடைய கைச்சுத்தத்தில் அந்த அம்மாளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நேற்று மாலை தட்டுகளை மேடையில் வைத்து லென்ஸ் இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். அது தன்பாட்டுக்கு விடிய விடியப் படம் பிடித்தது. இன்று காலை ஓட்டிப் பார்த்தார்கள். இடது தட்டு, கொக்கி உண்டு: சராசரி ஐம்பது நிமிடம். வலது தட்டு, கொக்கி இல்லை: இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. திரையில் செம்மஞ்சளாக ஒளிர்ந்த நூல்கள் இடது பக்கம் பட்டுப் பட்டென்று போயின. வலது பக்கமோ இழுத்துக்கொண்டு கிடந்தன. கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்து நாலு நூலையும் இரண்டு தடவை எண்ணினார். அப்புறம்தான் அந்தக் குதிப்பு.

"அத்தான், நாற்காலிச் சக்கரம் போயிடும்" என்றாள் லென்ஸ்.

மூன்றாவது மாடிக்கு, மனைவியிடம், தொலைபேசியில் அவரே சொன்னார். அந்தப் பக்கம் எண்களைக் கேட்டார்கள். எத்தனை நூல் என்று கேட்டார்கள். அறுபத்து நாலு என்றதும், போதும் என்றார்கள். பிறகு ஒரு வாழ்த்து. நாலு மணிக்கு வந்துவிடுவதாகவும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். கத்திரிக்கு மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆனால் ஜெயித்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் சுருக்கென்று உட்கார்ந்திருப்பான்? இரண்டே நிமிடத்தில் வாயெல்லாம் பல்.

பதினோரு மணிக்கு வேறொருவர் முறை வருகிறது, தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று லென்ஸ் விரட்டினாள். மேடையிலிருந்து எடுத்த தட்டுகளை ஒரு தாம்பாளத்தில், அதே இடம் வலம் மாறாமல் வைத்தார். மேஜையில் கிடந்த மூடிகளைக் கையில் எடுத்தார். ஒன்றில் 'உண்டு' என்று அவர் கையெழுத்து. மற்றதில் 'இல்லை'. மூடப் போனவர் தட்டின் பக்கவாட்டைப் பார்த்தார். மொழுமொழுவென்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். அதிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

எழுத்து மூடிகளில் மட்டும்தான் இருந்தது.

செல் வளர்க்கும் இடங்களில் இது பாலபாடம். பெயரைத் தட்டில் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது. மூடி கழன்றுவிடும், கழன்ற மூடி இடம் மாறிவிடும். அவருடைய கூடத்துச் சுவரில் இதை விரல் பருமன் எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது யார்? அவரேதான். நாலு வருடத்துக்கு முன் இப்படிச் செய்த ஒருவரை உட்காரவைத்து அரை மணி நேரம் வறுத்தெடுத்தவரும் அவர்தான். நேற்று அவசரம். கொக்கி உள்ள செல்களை ஒரு தட்டிலும் இல்லாததை இன்னொன்றிலும் ஊற்றி, மூடி, பேனாவை எடுத்தவருக்கு மூடிதான் வாகாக இருந்தது. அப்புறம் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மாலை ஐந்து மணிக்குச் சவ்வை ஒளிரவைக்கும் சாயத்தை இரண்டு தட்டிலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டியிருந்தது. இரண்டு மூடியையும் ஒரே சமயத்தில் கழற்றி மேஜையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மனைவியின் அழைப்பு. மகளை நீச்சல் வகுப்பிலிருந்து யார் கூட்டி வருவது? தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நீ போகிறாயா நான் போகவா என்று பேசிக்கொண்டே சொட்டு விட்டார், மூடினார். கீழே இறங்கியதும் லென்ஸ் எது எது என்று கேட்டாள். மூடியைப் பார்த்து இடது உண்டு, வலது இல்லை என்றார். எந்த மூடியை எந்தத் தட்டில் போட்டோம் என்று இப்போது மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தால், மகள் துண்டை மறந்துவிட்டுப் போன விஷயம்தான் ஞாபகம் வருகிறது. மூடி வரவே மாட்டேன் என்கிறது.

தாம்பாளத்தை அப்படியே, செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரில் வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

யாருக்கும் தெரியாது. லென்ஸுக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது, அந்தச் செல்களுக்கே தெரியாது. மூடி மாறாமல் இருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே? அவர் வலது கைக்காரர், வலது பக்கம் வைத்த மூடியை வலது தட்டில்தானே போட்டிருப்பார்? முடிவுதான் ஏழு வருடமாகச் சொன்னதோடு பொருந்துகிறதே, அப்படியென்றால் மூடி மாறவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தக் கடைசிக் கேள்வி மனதில் வந்ததும் அவருக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று. வேறு யாராவது தன் முன்னால் வந்து, முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் சோதனை சரி என்று சொல்லியிருந்தால் கதவைக் காட்டியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. செல்களை மருந்து ஊற்றி அந்தந்த நிலையிலேயே உறையவைத்து, கொக்கியை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, அதன்மேல் பச்சையாக ஒளிரும் இன்னொன்றை ஊற்றினால் போதும். கொக்கி உள்ள தட்டு பச்சையாகும், இல்லாத தட்டு இருட்டாகவே கிடக்கும். நாலு மணி நேர வேலை. மணி பதினொன்று பத்து. விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடிக் குளிர்பெட்டியைத் திறந்தார். கொக்கிக்கான ஆன்டிபாடிக் குப்பி காலி. புதியது வர இரண்டு வாரம். அந்தக் கட்டடத்திலேயே இன்னும் ஒரு குப்பிதான் உண்டு. அது மூன்றாவது மாடியில்.

மனைவி மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கத்திரி வாசலிலேயே நின்று, சும்மா ஒரு சந்தேகம், கொஞ்சம் ஆன்டிபாடி கிடைக்குமா என்று மென்று விழுங்கினார். ஜெயித்தவன் பதினொன்றேகால் மணிக்கு, பேயறைந்த முகத்தோடு, தோற்றவளிடம் ஆன்டிபாடி கேட்க மாட்டான் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாதா?

"என்ன ஆச்சு?"

"மூடியில எழுதிட்டேன்."

"மூடியிலயா?"

"மூடியிலதான். சாயம் விடறப்போ ரெண்டையும் கழட்டினேன். அப்போ நீ ஃபோன் பண்ணினே. எதை எதுல போட்டேன்னு தெரியல."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கத்திரி அசடு வழிய நின்றார். சிரிப்பு நின்றதும் அந்த முகம் மாறியது.

"அப்போ நான் ஒன்பது மணியிலேர்ந்து எதுக்கு உக்காந்து அழுதேன்?"

மனைவி அழுதது அவருக்குத் தெரியாது. பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் முன்னால் கொக்கிக்காக மனைவி அழுததே இல்லை, சண்டைதான் போட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுப்பதற்குள் மனைவி எழுந்து குளிர்பெட்டியைத் திறந்துவிட்டார். குப்பியைப் பனிக்கட்டி டப்பாவில் வைத்து நீட்டினார். கூடவே நிபந்தனையும் போட்டார். தட்டுகளை மனைவி தொட மாட்டார். எது இடது, எது வலது என்று கத்திரிக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். லென்ஸ் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

லென்ஸிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள், அவ்வளவுதான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "அந்த நோட்டீசைக் கிழிச்சு வீட்டுல ஒட்டிக்கோங்க அத்தான்" என்றாள். இன்குபேட்டர் முன்னால் இருவரையும் வெளியே நிற்கவைத்துவிட்டு, தட்டுகளுக்கு மஞ்சள் ஒட்டுநாடா ஒன்று, நீல ஒட்டுநாடா ஒன்று ஒட்டினாள். எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒட்டியது தட்டில், மூடியில் இல்லை என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஆரம்பித்தது ஓட்டம். உறையவைக்கும் மருந்து பதினைந்து நிமிடம். மூன்று தடவை கழுவு, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். சவ்வில் ஓட்டை போடும் மருந்து, அது இல்லாமல் ஆன்டிபாடி உள்ளே போகாது. மறுபடி கழுவு. கத்திரியின் கை மட்டும் வேலை செய்தது. மனைவி எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொட்டையும் பார்த்தார். சொட்டு விடும் பிப்பெட் தட்டின் விளிம்பைத் தொட்டால் 'ம்' என்பார். கத்திரி பதறிப்போய்ப் பின்னால் இழுப்பார். சாப்பாட்டு வேளை வந்து போயிற்று. இருவருக்கும் பசி தோன்றவே இல்லை.

ஆன்டிபாடி ஊற்றியதும் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க முடியுமா? செல்லிலிருந்து கொக்கியை எப்படி நீக்கினீர்கள் என்று மனைவி கேட்டார். மூன்று தடவை தோற்று நாலாவது தடவை வழி கிடைத்த கதையை அவர் சொன்னார். நல்ல வேலை என்றார் மனைவி. கத்திரியும் சும்மா இல்லாமல், காவல்காரன் என்ற எண்ணம் உனக்கு முதலில் எப்படி வந்தது என்று கேட்டார். சண்டை போடுவதற்காகக் கேட்காமல், தெரிந்துகொள்ளக் கேட்டார். நூலுக்குள் மரபுப்பொருள் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும், அவசரப்பட்டு வெட்டினால் பிள்ளைச் செல் செத்துப்போகுமே, யாராவது பொறு என்று சொல்ல வேண்டாமா என்று மனைவி சொல்லச் சொல்லக் கத்திரிக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான எண்ணம்! ஏழு வருடமாக இதை எதிர்த்து அடித்துப் பேசியிருக்கிறோம், ஒரு தடவையாவது முழுசாகக் காது கொடுத்துக் கேட்டோமா?

மூன்றே கால். தட்டுகளை வெளிச்சம் படாமல் தாளில் பொதிந்துகொண்டு கீழே ஓடினார்கள். அறையில் முறை வாங்கியிருந்தவரை லென்ஸ் என்ன சொல்லி அனுப்பினாளோ தெரியவில்லை, அறை காலியாக இருந்தது. எது பச்சையாக வேண்டும் என்று கத்திரி வேண்டிக்கொள்ளவும் வழியில்லை. எந்த நிறம் எந்தப் பக்கம் என்றுதான் தெரியாதே.

மஞ்சள் தட்டு முதலில். இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினாள் லென்ஸ். அப்போதும் இருட்டுதான்.

நீலத் தட்டு. திரை முழுக்கப் பச்சை மினுமினுத்தது. லென்ஸ் பெரிதாக்கினாள். இரண்டு பிள்ளைச் செல்களுக்கு நடுவில் ஒரு நூல், அந்த நூலின் நடு முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி. இன்னொரு நூல், அதே மாதிரி. இன்னொன்று, இதோ அறுந்துவிடுவேன் என்று மயிரிழையாக மெலிந்திருந்தது. அதில் பச்சையே இல்லை. கொக்கியை இத்தனை துலக்கமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. அறப்போகும் நூலில் அதைத் தேட யாருக்கும் தோன்றியதும் இல்லை.

"இங்க பாரு, இங்க பாரு" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார் கத்திரி. "மெலிஞ்ச நூல்ல ஒண்ணுகூட இல்ல. கழண்டு போனப்புறம்தான் அறுது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

லென்ஸ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். நீலம், வலது. மூடியில் 'இல்லை' என்று எழுதியிருந்த தட்டு. அங்கேதான் கொக்கி நிறைந்து கிடக்கிறது. மூடிகள் மாறியிருந்தன. கொக்கி உள்ள தட்டில் நூல் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறது, கொக்கி இல்லாத தட்டில் காவல் இல்லாத வீடாகப் பட்டுப் பட்டென்று போயிருக்கிறது. காலையில் அவர் குதித்த குதிப்பு அத்தனையும் மனைவிக்குச் சேர வேண்டியது.

அவர் உட்கார்ந்துவிட்டார். ஏழு வருடம். கட்டுரைகள், கருத்தரங்குகள், போட்ட சத்தம். நெஞ்சுக்குள் எல்லாம் காலியானது போல் இருந்தது, வலித்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பாருங்கள், இந்தக் கண் இருக்கிறதே, அது திரையை விட்டு வரவே மாட்டேன் என்றது. மனைவியின் முகம் ஜெயித்தவர் முகம் போல இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரும் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கருத்தரங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் வராதவர்களும் வருவார்கள். கத்திரி மேடையேறினார். காலையில் ஓட்டிய அதே படத்தை ஓட்டினார். இடது ஐம்பது, வலது நூற்றுப் பத்து. அவர் ஆதரவாளர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மூடிக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். சுவரில் ஒட்டிய நோட்டீசையும் சேர்த்தே சொன்னார். கூடம் சிரித்தது. நாலு வருடத்துக்கு முன் வறுபட்டவர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிறகு பச்சைப் படத்தைப் போட்டார். சிரிப்பு அடங்கியது.

"கொக்கி வெட்டறதில்ல. காவல் நிக்குது. ஏழு வருஷமா என் மனைவி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தார். நடுங்கவில்லை. இயக்குநர் எழுந்து, ஒப்புக்கொண்டபடி கொக்கியும் வாரத்தில் மூன்று நாளும் மூன்றாவது மாடிக்கு என்று அறிவித்தார். இனி கத்திரி கொக்கி இல்லாத மனிதர். நாளைக் காலையில் எழுந்து எதை யோசிப்பது என்றே தெரியாது. கேள்விகள் உண்டா என்று இயக்குநர் கேட்டார்.

முதல் வரிசையில் மனைவியின் கை உயர்ந்தது. கூடத்தில் சலசலப்பு. செத்த பாம்பை இன்னும் எதற்கு அடிக்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மெலிஞ்ச நூல்ல கொக்கி இல்லன்னு காட்டினீங்க. அப்போ காவல்காரனைக் கழட்டி அனுப்பறது யாரு?"

மனைவியிடமிருந்து கேள்வி வந்தால் மடக்கிப் பதில் சொல்லியே அவருக்குப் பழக்கம். வாயைத் திறந்தார். பதில் இல்லை. அவரிடம் இல்லை, மனைவியிடம் இல்லை, அந்தக் கூடத்தில் யாரிடமும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் கொக்கி கழல்வதையே இன்று மூன்றரை மணிக்குத்தானே பார்த்தார்கள்.

"தெரியாது" என்றார். சொல்லும்போதே உள்ளே ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

எவ்வளவு சந்தோஷமாக அதைச் சொன்னார் என்பது அவருக்கே விளங்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார். நடுவில் இருக்கும் நூல்களைத்தான் இதுவரை எல்லோரும் பார்த்தார்கள். கீழ் மூலையில் பாதி வெட்டுப்பட்டு இன்னொரு ஜோடிச் செல் இருந்தது. அதன் நூலில் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான். முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அவர் மேடையைக் கடந்து போய்த் திரையிலேயே விரலை வைத்தார். ஒரு பக்கம் கழன்றுவிட்டது, இன்னொரு பக்கம் இன்னும் நிற்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றாகப் போவதில்லை, ஒன்று முதலில் போகிறது. எது முதலில்? யார் வந்து எழுப்பி அனுப்புகிறார்கள்? அந்த ஆள் கொக்கி இல்லையே, அவரைத் தேடுவதை யாரும் தடுக்கவில்லையே. உறைந்த செல்லுக்கு வெளிச்சம் பட்டால் வாடுமா என்ன? பழைய நுண்ணோக்கி போதுமே, யாரிடமும் மூன்று நாள் கேட்க வேண்டாமே.

அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று இயக்குநர் சொன்னது அவர் காதில் விழவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நேராக மேடைக்கு ஏறி வந்தார். திரைக்கு வெகு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்தார்.

"தள்ளுங்க, மறைக்காதீங்க."